நரிப்பையூரிலிருந்து அரிச்சல்முனை வரை: கடலோரச் சாலைப் பயணத்தை ட்ரோனில் எடுக்க முழுமையான வழிகாட்டி

மதுரையில் விடியற்காலை கிளம்பி, எங்கும் நிற்காமல் தனுஷ்கோடி போய், அரிச்சல்முனை அசோகத் தூணுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பெட்டியைத் திறந்து ட்ரோனை மணலில் வைப்பார்கள். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான். அடுத்த ஐந்து நிமிடத்தில் யாராவது வந்து “என்ன தம்பி, பர்மிஷன் இருக்கா?” என்று கேட்பார்கள். கேட்க ஆள் இல்லையென்றால் மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கரையில் வேலை வரிசையாகப் போக வேண்டும். முதலில் வான்வெளி வரைபடம், அடுத்து காற்று, அடுத்து சாலை, அதற்கப்புறம்தான் கேமரா. வரிசையைத் தலைகீழாக்கி வந்தவர்களோடு நின்று வேடிக்கை பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன். என் ஒரு ட்ரோனும் அப்படித்தான் போனது. அந்தக் கதை ஒன்பதாவது படியில் வரும்.

1. பெட்டிக்கு முன்னால் வரைபடத்தைத் திறங்கள்

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் நாட்டின் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் எந்த இடம் எந்த நிறம் என்று பார்க்கலாம். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை தனி அனுமதி தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். மஞ்சளுக்கு வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

ஒரு மாதம் முன்பு பார்த்ததை நம்பிக் கிளம்பாதீர்கள். முக்கியப் பிரமுகர் வருகை மாதிரியான நாட்களில் ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும். ராமேஸ்வரத்துக்கு அப்படிப்பட்ட வருகைகள் அதிகம். பறக்கும் நாள் காலையிலும் ஒருமுறை பாருங்கள்.

நிறம் ஒரு பக்கம் இருக்க, இந்த ராமநாதபுரம் மாவட்டத்துக்கென்றே சில கண்ணிகள் உண்டு.

உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் சாலை அதன் பக்கமாகத்தான் போகிறது. அரியமான் கடற்கரை அழகாக இருக்கிறதே என்று அங்கே பெட்டியைத் திறப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மன்னார் வளைகுடாவில் கரையோரத் தீவுகள் 21. எல்லாம் தேசியக் கடல்சார் பூங்காவுக்குள் வருபவை. கரையில் நின்று ட்ரோனை மட்டும் தீவுக்கு அனுப்பினாலும் வனத்துறை கேட்கும். தனுஷ்கோடியில் 2025 ஜூன் மாதம் பெரும் பூநாரை சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதனால் அங்கே போலீஸ், கடற்படையோடு வனத்துறையும் சேர்ந்துவிட்டது. சாயல்குடிப் பக்கம் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம் இருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ராமநாதசுவாமி கோயில், பாம்பன் பாலங்கள், மண்டபம் கடலோரக் காவல்படை நிலையம், அரிச்சல்முனை ஆகிய நான்கிலும் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் இல்லாமல் ட்ரோனை வெளியே எடுக்கக்கூட வேண்டாம். இலங்கை எதிரில் இருக்கும் கரை இது. கடத்தல், ஊடுருவல் என்று எப்போதும் கண்காணிப்பு இருக்கும். “சும்மா ரீல்ஸ்தான் சார்” என்ற பதில் அங்கே எடுபடாது.

2. ட்ரோனைத் தராசில் வையுங்கள்

எடைதான் உங்கள் வகையைத் தீர்மானிக்கிறது. 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவையும் வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட்டால் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு எடுத்தால் கதை வேறு. எந்த எடையாக இருந்தாலும் பதிவு செய்து தனி அடையாள எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் தடுக்கி விழுவது 249 கிராமில். பெட்டியில் 249 என்று போட்டிருக்கும். அதில் கூடுதல் நேரம் நிற்கும் பெரிய பேட்டரியைப் போடுவார்கள், மணலுக்குப் பயந்து கால் உயர்த்தி ஒன்றை மாட்டுவார்கள், மேலே ஒரு ஃபில்டர். மளிகைக் கடைத் தராசில் வைத்தாலே 290 காட்டும். அது இப்போது மைக்ரோ. மூன்றாம் நபர் காப்பீடு உள்பட அதற்குரிய விதிகள் எல்லாம் பொருந்தும். பறக்கும் கோலத்தில், எல்லாம் மாட்டிய பிறகு எடை போடுங்கள்.

விதி மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். பதிவுச் சான்று, ட்ரோன் வாங்கிய ரசீது, அடையாள அட்டை மூன்றையும் அச்செடுத்து வண்டியிலேயே வையுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போனில் தேடிக் காட்டலாம் என்றால் சிக்னல் கிடைக்காது. சில நேரம் “இலங்கைக்கு வரவேற்கிறோம்” என்று குறுஞ்செய்திதான் வரும். ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள்.

3. சாலையைத் துண்டு போடுங்கள்

முழுப் பயணத்தையும் வானிலிருந்து எடுக்க முடியாது, தேவையும் இல்லை. நான் இப்படிப் பிரிப்பேன்.

நரிப்பையூர், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை என்று வரும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் முக்கியப் பறப்புக் களம், அன்றைய வரைபடம் அனுமதிக்கும் இடங்களில். பனங்காடு, உப்பளம், ஆள் நடமாட்டம் குறைந்த நேர்ச் சாலை எல்லாம் இங்கே கிடைக்கும். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: பெயர்தான் கடற்கரைச் சாலை, பல இடங்களில் கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும். காரிலிருந்து பார்த்தால் உடைமரமும் சீமைக் கருவேலமும்தான் தெரியும். நூறு மீட்டர் மேலே போனால்தான் சாலை, பனை, உப்பளம், கடல் நான்கும் ஒரே ஃபிரேமில் வந்து உட்காரும். ட்ரோன் இல்லாமல் கிடைக்காத படம் என்றால் இந்த மாவட்டத்தில் எனக்கு இதுதான், தனுஷ்கோடி இல்லை.

கடல் பக்கத்திலேயே வேண்டுமென்றால் மூக்கையூர், மாரியூர், வாலிநோக்கம் பக்கம் இறங்கும் கிளைச் சாலைகளைப் பிடியுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை பெட்டியை மூடி வையுங்கள். இந்தத் துண்டுக்குக் காரின் உள்ளிருந்து எடுத்த காட்சி போதும்.

பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை அனுமதி கிடைத்தவர்களுக்கு மட்டும். கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். பாம்பன் சாலைப் பாலத்தின் நடைபாதையிலிருந்தே ரயில் பாலமும் படகுகளும் கீழே விரிந்து தெரியும். ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதத்தின் மேல் ஏறினால் தீவே தெரியும். கையில் பிடித்த கேமராவில் எடுத்த இந்த இரண்டையும் படத்தொகுப்பில் ட்ரோன் காட்சிகளுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

வடக்கே தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் பாக் நீரிணை. கடல் அமைதியாக இருக்கும், ஆனால் நவபாஷாணத்தில் எப்போதும் கூட்டம். கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்காதீர்கள்.

4. மாதத்தைக் காற்றை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

லீவு எப்போது கிடைக்கிறதோ அப்போது வருவது இங்கே சரிப்படாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும். மீனவர்கள் சோளகம், கச்சான் என்று திசை பார்த்துச் சொல்வார்கள். அந்த மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் பொங்கும், பாக் நீரிணைப் பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும். அக்டோபருக்கு அப்புறம் வாடை தொடங்கினால் நேர் எதிர். தனுஷ்கோடிக்காரர்கள் ஒன்றை ஆண் கடல், மற்றதைப் பெண் கடல் என்பார்கள்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் என் தேர்வு. மழை ஓய்ந்திருக்கும், காற்று தணிந்திருக்கும், கண்மாய்களில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலில் படகு போகும் காட்சி வேண்டும் என்று திட்டமிட்டு மே மாதம் வந்தால், எல்லாம் துறையில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும்.

காற்றுச் செயலியில் இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று, அலகு. ட்ரோனின் கையேட்டில் நொடிக்கு 10.7 மீட்டர் தாங்கும் என்று இருக்கும். செயலி மணிக்கு 30 கிலோமீட்டர் என்று காட்டும். இரண்டையும் ஒரே அலகில் மாற்றிப் பாருங்கள். 10.7 மீட்டர் என்பது மணிக்குச் சுமார் 38 கிலோமீட்டர். இன்னொன்று, உயரம். செயலி முதலில் காட்டுவது தரையோடு ஒட்டிய காற்று. நூறு மீட்டர் உயரத்தில் அது நன்றாகவே கூடியிருக்கும். அந்த உயரத்துக்கான கணக்கைத் தேடிப் பாருங்கள். தாங்கும் அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் நான் ஏற்றுவதில்லை.

5. முதல் நாள் இரவு

பேட்டரி மூன்று. முப்பது நிமிடம் பறக்கும் என்று போட்டிருந்தால் கடல் காற்றில் இருபது என்று கணக்கு வையுங்கள். எல்லாவற்றையும் தங்குமிடத்திலேயே முழுசாக ஏற்றிவிடுங்கள்.

இறங்க ஒரு விரிப்பு. அதன் நான்கு மூலைக்கும் கல் வேண்டும், கல் கிடைக்காத இடத்துக்கு மணல் அடைத்த நான்கு சின்னப் பைகள். உபரி இறக்கைகள், அவற்றுக்கான திருப்புளி. மென்மையான தூரிகை. ஒரு பாட்டில் நல்ல தண்ணீர். குடிக்க அல்ல, துடைக்க. அடர்த்தியான கையுறை எதற்கு என்று கேட்பீர்கள். சீமைக் கருவேலம் புதருக்குள் ட்ரோன் இறங்கினால் தெரியும்.

மெமரி கார்டைக் காலி செய்துவிட்டு ட்ரோனுக்குள்ளேயே ஃபார்மட் செய்யுங்கள். கரையில் நின்று “கார்டு ஃபுல்” என்று பார்த்துவிட்டு எதை அழிப்பது என்று வெயிலில் தடவிக்கொண்டிருந்த ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வரைபடத்தையும் இரவே போனில் இறக்கிவையுங்கள்.

6. ட்ரோன் இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எடுக்கப்போகும் துண்டை முதல் நாள் மாலையே காரில் போய்ப் பாருங்கள். மூன்று விஷயங்களைக் குறியுங்கள்.

மின்கம்பி சாலையின் எந்தப் பக்கம் போகிறது? திரையில் கம்பி தெரியவே தெரியாது. கம்பம் தெரியும், அதை வைத்துத்தான் கம்பியை ஊகிக்க வேண்டும். கம்பி இடப்பக்கம் என்றால் நீங்கள் வலப்பக்கம் பறக்க வேண்டும். சில இடத்தில் கம்பி சாலையைக் குறுக்கே கடக்கும், அந்த இடங்களைக் கிலோமீட்டர் கல்லோடு எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டி எங்கே ஒதுங்கும்? கடற்கரைச் சாலையில் லாரியும் பஸ்ஸும் பறந்து வரும். சாலையிலேயே நின்று திரும்புவது, பின்னால் எடுப்பது எல்லாம் கூடாது. ஒதுங்க இடமில்லாத துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் விடுங்கள்.

பக்கத்தில் மிக உயரமானது எது? பனை முப்பது மீட்டர் வரை போகும். செல்போன் கோபுரம் அதற்கும் மேல். ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தை அதைவிடக் கூட்டி வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து வந்தபடியே விட்டுவிட்டால் திரும்பும் வழியில் பனையில் போய் மோதும்.

தனுஷ்கோடித் துண்டுக்கு இன்னொன்று: முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையான 9.5 கிலோமீட்டர் சாலையில் இரவில் விடமாட்டார்கள், மாலையிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். சூரிய அஸ்தமனக் காட்சியை அங்கே திட்டமிடாதீர்கள்.

7. ஊரில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

அனுமதிக் காகிதம் இருந்தாலும் இது தனி வேலை. மீனவக் குடியிருப்புக்கு மேல் திடீரென்று ஒன்று ரீங்காரம் போட்டால் யாருக்கும் பிடிக்காது. வீட்டு முற்றத்தில் குளிக்கிறவர்கள் இருப்பார்கள், கருவாடு காய வைக்கிற பெண்கள் இருப்பார்கள். வலை பின்னிக்கொண்டிருப்பவர்களிடம் போய் உட்கார்ந்து, என்ன எடுக்கிறோம், எந்தப் பக்கம் கேமரா பார்க்கும் என்று திரையைக் காட்டிச் சொன்னால் பத்து நிமிடத்தில் முடிந்தது.

கூடவே அங்கே கிடைக்கும் தகவலுக்கு எந்தச் செயலியும் ஈடில்லை. மூக்கையூரில் ஒருவரிடம், “அண்ணே, கச்சான் எப்ப கிளம்பும்?” என்று கேட்டேன். கடலைக்கூடப் பார்க்காமல், “பத்து மணிக்கு மேல பாருங்க தம்பி, ஒங்க பொட்டிய நிக்க விடாது” என்றார். பத்தேகாலுக்குத் தென்னை ஓலை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது.

கீழக்கரைப் பக்கம் வயதில் மூத்தவரைக் “காக்கா” (அங்கே அண்ணன் என்று பொருள்) என்று கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். வெளியூர்க்காரன் என்ற இறுக்கம் கொஞ்சம் தளரும்.

உப்பளத்தில் எடுப்பதாக இருந்தால் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். பாத்தி வரப்பில் அனுமதியில்லாமல் நடந்தால் அவர்கள் கோபப்படுவது நியாயம்.

8. எங்கிருந்து ஏற்றுவது

கார் பானெட் மேல் வைத்து ஏற்றாதீர்கள். இரும்பு திசைகாட்டியைக் குழப்பும். கம்பி கட்டிய கான்கிரீட் மதகுக்கும் அதே பாடு. இரண்டையும் விட்டுப் பத்துப் பதினைந்து அடி தள்ளி விரிப்பைப் போடுங்கள்.

ஈர மணலுக்கும் அலைக்கும் பக்கத்தில் வேண்டாம். காற்று உள்ள நேரத்தில் கடற்கரை மணல் முழங்கால் உயரத்துக்கு ஓடும். விரிப்பு இல்லாமல் ஏற்றினால் அந்த மணல் நேராக, கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பல் மோட்டாருக்குள் போகும்.

ஏசி ஓடிய காரிலிருந்து எடுத்த கையோடு ஏற்றவும் கூடாது. இந்தக் கரையின் ஈரக்காற்றில் குளிர்ந்த லென்ஸில் உடனே பனி படியும். வெளியே தெரியும் பனியைத் துடைத்துவிடலாம், உள்ளே படிந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். கால் மணி நேரம் முன்பே பெட்டியை வெளியில், நிழலில் வையுங்கள்.

9. காற்றை எதிர்த்துப் போங்கள்

இதுதான் என் கதை. வாலிநோக்கம் பக்கம் ஒரு ஜூலை காலை. ட்ரோன் ஏறியதும் பனங்காட்டுப் பக்கம் விட்டேன். சுகமாகப் போனது, சொன்ன வேகத்தைவிட வேகமாகவே போனது. பேட்டரி பாதி வந்ததும் திருப்பினேன். திரையில் மணிக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர் என்று ஊர்ந்தது. பத்து சதவீதத்தில் தானாக இறங்கத் தொடங்கியது. எங்கே இறங்கியது என்று வரைபடம் காட்டியது. அந்த இடம் ஒரு முள்ளுக்காட்டின் நடு. இரண்டு நாள் தேடினோம்.

போகும்போது சுகமாக இருந்தால் வரும்போது கஷ்டம் என்பதை அப்போது யோசிக்கவில்லை. அதனால் இப்போது எப்போதும் முதலில் காற்றை எதிர்த்துப் போவேன். பேட்டரி குறைந்த நேரத்தில் காற்று என்னிடமே தள்ளிக்கொண்டு வரும். பாதி வந்ததும் திரும்பிவிடுவேன், முப்பது சதவீதத்தில் தரையில் இருப்பேன்.

விடியற்காலைக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்த நேரத்தில் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும். மெல்லியதுதான், ஆனால் திசை கடலுக்கு. கோளாறு ஏற்பட்டால் ட்ரோன் தண்ணீர்ப் பக்கம்தான் போகும்.

ஏற்றியதும் ஆளுயரத்துக்குச் சற்று மேல் நிறுத்தி அரை நிமிடம் பாருங்கள். ஒரே இடத்தில் நிற்கிறதா? வட்டமடித்தால் திசைகாட்டி குழம்பியிருக்கிறது, உடனே இறக்குங்கள். புறப்பட்ட இடம் பதிவாகிவிட்டது என்ற அறிவிப்பு வந்ததா? அது வரும் முன் பறந்தவர்களின் ட்ரோன் எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடலுக்கு மேல் ஐந்து மீட்டருக்குக் கீழே இறங்காதீர்கள். அடிப்பக்க சென்சார் அசையும் தண்ணீரைத் தரை என்று தவறாகப் புரிந்துகொள்ளும்.

ஹெலிகாப்டர் அல்லது தாழப் பறக்கும் விமானத்தின் சத்தம் கேட்டால் எந்தக் காட்சி நடுவில் இருந்தாலும் இறக்குங்கள். கடற்படை விமானங்கள் இந்தக் கரையோரமாகத் தாழ்வாகப் போவது உண்டு.

10. வண்டியும் ட்ரோனும்

ஓட்டுகிறவர் ஒருவர், ட்ரோன் ஒருவர், பார்த்துச் சொல்ல ஒருவர் என்று மூன்று பேர் குறைந்தபட்சம். ஓடும் காரில் உட்கார்ந்துகொண்டு ட்ரோன் விடாதீர்கள். புறப்பட்ட இடம் பின்னால் எங்கோ இருக்கும். சிக்னல் போனால் ட்ரோன் அங்கேதான் போய் இறங்கும், நீங்கள் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பீர்கள். ட்ரோன் ஆள் ஒரே இடத்தில் நிற்கட்டும், கார் மட்டும் ஓடட்டும், ட்ரோன் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்.

போன் எடுக்காத இடங்களுக்கு வாக்கிடாக்கி நல்லது. இல்லையென்றால் “லைட் ரெண்டு தடவை போட்டா கிளம்பறேன்” மாதிரி ஒப்பந்தம்.

கார் 30, 35 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம். ட்ரோன் சாதாரண வேகத்தில் அதற்கு மேல் ஈடுகொடுக்காது. மெதுவாக இருக்குமே என்று கவலை வேண்டாம், பத்து மீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் போனால் அதுவே பறக்கிற மாதிரி இருக்கும். நூறு மீட்டரிலிருந்து எடுத்தால் எண்பதில் ஓட்டினாலும் எறும்பு ஊர்வது மாதிரிதான்.

வெள்ளைக் கார் இந்த மணலில் காணாமல் போகும். சிவப்போ மஞ்சளோ கிடைத்தால் கேட்டு வாங்கி வாருங்கள். ஒருமுறை வாடகைக்கு வந்த வெள்ளைக் காரின் மேல் சிவப்புச் சாக்கு மூட்டை கட்டி ஓட்டினோம். படத்தில் பிரமாதமாக இருந்தது.

எடுக்கும் வரிசை: தூரமானது, உயரமானது முதலில், பேட்டரி நிறைந்திருக்கும்போது. பக்கத்தில் தாழ்வாக எடுப்பது கடைசியில். பின்தொடரும் தானியங்கி வசதியை நம்பாதீர்கள். சாலைக்கு மேல் கவிந்திருக்கும் மரமும் கம்பியும் அதற்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் மிகச் சிறந்த காட்சிக்கு ட்ரோன் அசையவே கூடாது. எழுபது மீட்டரில் நிறுத்தி, காலி சாலையை வைத்துக்கொண்டு, கார் ஃபிரேமின் ஒரு மூலையில் நுழைந்து மறு மூலையில் வெளியேறும் வரை பன்னிரண்டு நொடி. சுற்றுவது, சுழற்றுவது எல்லாம் எடுத்துவிட்டு வீட்டில் தொகுக்கும்போது எல்லோரும் தேடுவது இந்த அசையாத பன்னிரண்டு நொடியைத்தான்.

11. வெயிலும் அமைப்புகளும்

தனுஷ்கோடிச் சாலை தென்கிழக்கு நோக்கிப் போகிறது. காலையில் போகும் காரைப் பின்னாலிருந்து எடுத்தால் சூரியன் லென்ஸுக்குள் நிற்கும். ட்ரோனை முன்னால் வைத்துத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள், முகத்தில் வெளிச்சம் விழும். கீழக்கரையிலிருந்து சாயல்குடி நோக்கிப் போகும் துண்டுக்கு மாலையில் இதே பிரச்சினை மறுபக்கம்.

பனை நிழல் நீளமாக விழ வேண்டுமா, சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரம். ஆழமில்லாத கடலின் பச்சை நிறம் வேண்டுமா, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், இல்லையென்றால் இரண்டு மணிக்கு மேல். சூரியன் நன்றாக ஏறியிருந்தால்தான் வெளிச்சம் அடித்தரை வரை போகும். உச்சி வேளையை மட்டும் விடுங்கள். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கும். கீழ்நோக்கி எடுத்தால் ஃபிரேம் நடுவில் பளபளவென்று ஒரு வெள்ளைத் திட்டு விழும்.

வீடியோவுக்கு நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50. இந்த வெயிலில் அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் முடியாது. ஃபில்டர் போடாமல் எடுத்தால் ஷட்டர் ஆயிரத்துக்கு மேல் ஓடி, பக்கவாட்டில் போகும் பனைகள் வெட்டி வெட்டித் தெரியும். புகைப்படத்துக்கு இதைக் கழற்றிவிடலாம்.

வெண்மைச் சமநிலையைத் தானாக விடாமல் 5500 கெல்வின் சுற்றி நிலையாக வையுங்கள். கடலிலிருந்து மணலுக்குத் திரும்பும் ஒரே காட்சியில் நிறம் நடுவில் மாறினால் தொகுப்பில் திருத்துவது பெரும்பாடு. உப்புக் குவியலையும் மணலையும் தானியங்கி அளவீடு பார்த்தால் சாம்பலாக்கிவிடும். திரை வெயிலில் எதையும் காட்டாது, வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

12. பருந்து

கருவாடு காயும் இடத்துக்கு மேல் பருந்தும் செம்பருந்தும் வட்டமிடும். ட்ரோனைப் பார்த்தால் விரட்டும். பயந்து சட்டென்று கீழே இறக்குவது தவறு, அவை மேலிருந்துதான் பாயும். நேர் மேலே ஏற்றுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். பின்பு வேறு பக்கமாகச் சுற்றி இறக்குங்கள். இரண்டாவது பருந்து வந்தால் அந்த இடத்தில் அன்றைக்கு வேலை முடிந்தது.

நாரைக் கூட்டம் நீரில் நிற்கிறதா, அந்தப் பக்கமே போக வேண்டாம். படத்துக்காக எழுப்பிவிட்ட பறவை இரை தேடும் நேரத்தை இழக்கிறது. சரணாலய எல்லைக்குள் அது குற்றமும்கூட.

13. இறக்கிய பிறகு

உப்பு உலர்ந்தால் ஒட்டிக்கொள்ளும், அதனால் அன்றைக்கே துடையுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலை, பிறகு உலர்ந்த துணியால். மோட்டார் பக்கம் துணி வேண்டாம், தூரிகை மட்டும். இறக்கையை விரலால் சுற்றி காதருகே வைத்துக் கேளுங்கள். கரகரவென்றால் மணல் உள்ளே இருக்கிறது. அழுத்தக் காற்றுப் பிடித்தால் இன்னும் உள்ளே போகும். தலைகீழாகப் பிடித்துத் தட்டி எடுங்கள்.

சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள், காரின் டாஷ்போர்டிலும் விடாதீர்கள். நிறுத்திய காருக்குள் பகல் சூட்டில் பேட்டரி உப்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இரவு இரண்டு இடத்தில் நகலெடுத்த பிறகுதான் கார்டை அழியுங்கள். கோப்புகளுக்கு ஊர்ப் பெயரும் நேரமும் போட்டு வையுங்கள். மூக்கையூர் மணலையும் மாரியூர் மணலையும் ஒரு மாதம் கழித்து மேலிருந்து பார்த்தால் எடுத்தவருக்கே அடையாளம் தெரியாது.